ஹெட்லியின் வயலுக்கு ஒரு சத்தமில்லாத துப்பாக்கி

சத்தமே வராத ஏர் ரைஃபிள் ஒன்றை, அதுவும் என் கைக்கு எட்டுகிற விலையில், வாங்கியே தீர வேண்டும் என்ற நெருக்கடியில் என்னைத் தள்ளியவள் லார்னா. ஹெட்லி லார்வுட்டின் ஒரே மகள். அந்த வருடம் பார்லி அறுப்பு முடிந்த கையோடு ஹெட்லிக்கு நெஞ்சுவலி வந்தது. நார்விச் ஆஸ்பத்திரியில் கிடந்து, எப்படியோ பிழைத்து, பண்ணை வீட்டின் மாடியறையில் படுத்த படுக்கையாக இருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள லார்னா வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் வயலிலிருந்து திரும்பும்போது கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மிஸ்டர் கெரிசன், ஒரு நிமிஷம். உங்க துப்பாக்கி சத்தம் கேட்டாலே அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுது. படுக்கையிலேர்ந்து எந்திரிக்கப் பாக்கறார். அசையவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"அது வெறும் ஏர் கன்தானேம்மா."

"எதுவா வேணா இருக்கட்டும். சத்தமில்லாத துப்பாக்கி இருந்தா எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா இனிமே வர வேண்டாம். தப்பா எடுத்துக்காதீங்க."

எங்கள் நார்ஃபோக் பக்கத்தில் 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஒருவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். தொப்பியைத் தொட்டுவிட்டு வந்தேன். ஹெட்லியின் வயல் கைவிட்டுப் போனால் எனக்கு வேறு வயல் கிடையாது. கிடைத்தாலும் எனக்கு வேண்டியிருக்காது.

நான் பெரிய வேட்டைக்காரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கிற ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமை சாயங்காலம் முயல் ஒன்றோ இரண்டோ, பட்டாணி விதைக்கிற காலமாக இருந்தால் ஒரு காட்டுப்புறா. அதற்கு மேல் ஆசைப்பட்டதில்லை. ஹெட்லியின் வீட்டுக்குப் பின்னால், பழத்தோட்டத்தைத் தாண்டி, நீளமாக ஒரு வயல். அதன் ஓரத்தில் முள்வேலியும் மணல் மேடும். மேடு முழுக்க முயல் வளை. வெயில் சாய்கிற நேரத்தில் வேலியடியில் வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்தால் ஈரப் புல்லும் வெட்டிய கிழங்கும் கலந்த ஒரு வாசனை வரும். மேலே காக்கைக் கூட்டம் காட்டுக்குத் திரும்பும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் ஆலையின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டேன். இன்றைக்கும் எங்காவது வெட்டிய கிழங்கின் வாசனை வந்தால் கால் தானாக நின்றுவிடுகிறது.

அடுத்தவன் நிலத்தில் சுடுகிறவனுக்கு எங்கள் ஊரில் சில முறைகள் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறுவதும் இல்லை. திறந்த கேட்டை மூட வேண்டும். விதைத்த மண்ணை மிதிக்கக் கூடாது. அன்றைக்குக் கிடைத்ததில் பாதியைப் பின்கதவு ஆணியில் மாட்டிவிட்டு, கதவைத் தட்டாமல் போய்விட வேண்டும். நன்றி சொல்லி அவர்கள் நேரத்தைக் கெடுக்கக் கூடாது. உள்ளே வந்து உட்காரக் கூடவே கூடாது. முப்பது வருடம் பக்கமாக அந்த வயலுக்குப் போயிருக்கிறேன், அந்த வீட்டின் பின்வாசற்படியைத் தாண்டியதில்லை. ஹெட்லியும் உள்ளே வா என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் சங்கடம், அவனுக்கும் சங்கடம்.

அதற்காக நாங்கள் பேசிக்கொள்ளவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் பேச்சு வேறு விதம். என்னிடம் இருந்தது ஸ்பிரிங்கில் ஓடுகிற ஒரு பழைய ரைஃபிள். ஆலையில் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுப் பழகிய கை, அதற்கும் தாராளமாகப் போடும். எண்ணெய் கூடினால் உள்ளே அது எரிந்து 'டப்'பென்று ஊரைக் கூட்டும், பின்னாலேயே ஸ்பிரிங் 'டொய்ங்' என்று பாடும். சத்தம் ஓய்வதற்குள் பண்ணை முற்றத்திலிருந்து ஹெட்லியின் குரல் வரும்.

"முயலை விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்!"

"ரைஃபிள் சுடுதா இருமுதாடா? சளி மருந்து ஏதாச்சும் குடு அதுக்கு!"

"உன் டிராக்டரை விட இது தேவலாம், போ!"

பெரும்பாலும் இவ்வளவுதான். சில சனிக்கிழமைகளில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே வீடு திரும்பியிருக்கிறேன். அப்படியும் ஒரு முழு சாயங்காலம் அவனோடு இருந்துவிட்டு வந்த நிறைவு இருக்கும். அதெல்லாம் திரும்ப வராத காலம். அப்போது அதன் அருமை எனக்குத் தெரிந்திருந்ததா என்றால், தெரியவில்லை.

லார்னா சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி ஏவிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"சரிதான். அந்தப் பொண்ணு சொல்றதுல என்ன தப்பு? செத்தவனே எந்திரிச்சு உக்காருவான் உன் துப்பாக்கி சத்தத்துக்கு."

"புதுசு வாங்கணும்னா சும்மாவா? வாரத்துல ஒரு நாள் சுடறதுக்கு யாராவது காசைக் கொட்டுவாங்களா?"

"வாங்காம வீட்ல உக்காந்து சனிக்கிழமை சனிக்கிழமை என் முகத்தையே பாத்துட்டிருப்பியா? அதுக்கு நான் காசு தரேன், போய் வாங்கிட்டு வா."

ஸ்வாஃபம் டௌனில் சந்தைத் தெருவின் கோடியில் க்யூபிட் என்பவரின் கடை. முன்னால் தூண்டிலும் நாய்ச் சங்கிலியும், பின்னால் துப்பாக்கி. ஏவிஸையும் இழுத்துக்கொண்டு போனேன். அதற்குக் காரணம் உண்டு. ஆலை என் காதில் ஒன்றை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் தின்றுவிட்டது. எந்த ரைஃபிள் சத்தம் போடுகிறது, எது போடவில்லை என்று என்னைக் கேட்பது கண் தெரியாதவனைக் கேட்டுத் துணிக்கு நிறம் பார்க்கிற கதை. ஏவிஸின் காதோ, அடுத்த தெருவில் யார் என்ன குறை சொன்னாலும் கேட்கிற காது.

க்யூபிட்டிடம் விஷயத்தைச் சொன்னேன். லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுகிற பலத்துக்குள் இருக்க வேண்டும், லைசென்ஸ் என்று அலைய என்னால் ஆகாது. சத்தம் வரக் கூடாது. விலை என் தலையில் இடி விழுகிற மாதிரி இருக்கக் கூடாது.

"மூணுல ரெண்டு எல்லாரும் கேப்பாங்க. நீங்க மூணையும் கேக்கறீங்க," என்றார் க்யூபிட்.

கடைக்குப் பின்னால் ஒரு முற்றம். அதன் கோடியில் மணல் மூட்டைகளை அடுக்கிக் குறி வைத்திருந்தார். ஏவிஸ் ஒரு டீக் கோப்பையோடு மதிலுக்கு அந்தப் பக்கம், நிலக்கரிக் கொட்டகையின் அருகில் நின்றுகொண்டாள். நான் இங்கே சுட வேண்டும், அவள் அங்கிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதலில் தந்தது, ஸ்பிரிங்குக்குப் பதிலாக அடைத்த வாயுவில் வேலை செய்வது. உறுதியான சாமான், விலையும் பரவாயில்லை. சுட்டேன்.

"யாரோ பிஸ்கட் டின்னைக் கீழே போட்ட மாதிரி இருக்கு!" என்றாள் மதிலுக்கு அப்பால்.

அடுத்தது, சோடா இயந்திரத்தில் போடுகிற மாதிரி சின்ன வாயுக் குப்பி போட்டுச் சுடுவது. விலை இன்னும் குறைவு. சுட்டேன். "இது பரவாயில்லை, கதவை மெதுவா சாத்தின மாதிரி," என்றாள். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் க்யூபிட் தலையை ஆட்டினார். "கோடைக்கு இது சரி. நவம்பர் குளிர்ல வாயு சுருங்கிப் போகும், பெல்லட் குண்டுக்குத் தெம்பு இருக்காது. முயல் சாகாது, காயத்தோட வளைக்குள்ளே ஓடும். அப்புறம் அது சாகறதுக்கு ரெண்டு நாள் ஆகும்." நான் அதைக் கீழே வைத்துவிட்டேன். ஒரே குண்டில் முடிக்க முடியாது என்றால் சுடவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

மூன்றாவதாக அவர் எடுத்தது அழகி. காற்றை முன்கூட்டியே பம்ப் செய்து உருளைக்குள் அடைத்து வைத்துக்கொள்ளும் ரகம். குழல் நுனியில் சைலன்சர். தோளில் வைக்கிற கட்டை வால்நட் மரம். கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. ஏவிஸ் சந்தேகப்பட்டு உள்ளே வந்து விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த விலைக்கு முயலே வந்து, தோலையும் உரிச்சுக் குடுத்துட்டு, அடுப்பையும் பத்த வெச்சுட்டுப் போகணும்."

க்யூபிட் சிரிக்கவில்லை. உள்ளே போய், துணியில் சுற்றிய இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதே ரகம்தான், பழையது. யாரோ ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கி, கல்யாணத்துக்குப் பின்னால் விற்றது. கட்டையில் ஒரு விரிசல், பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் போட முடியும். சைலன்சர் குழலை விடப் பருமனாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. "இருபத்திரண்டு சைஸ் குண்டு. சின்னது வேகமாப் போகும், இது மெதுவாப் போய் நல்லா உறைக்கும். சத்தமும் கம்மி. உங்களுக்கு இதான்," என்றார்.

ஏவிஸ் மறுபடி மதிலுக்கு அப்பால் போனாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். குறியின் நடுவில் துளை விழுந்தது. மதிலுக்கு அப்பால் சத்தமே இல்லை.

"என்ன, எப்படி இருக்கு?" என்று கத்தினேன்.

"எப்ப சுடப் போறே? டீ ஆறிப் போச்சு எனக்கு!"

க்யூபிட் அப்போதுதான் சிரித்தார். விலை என் எல்லைக்குக் கொஞ்சம் மேலேதான். ஏவிஸ் பையிலிருந்து எடுத்து நிரவினாள். கூடவே ஒரு கைப் பம்ப். சைக்கிள் பம்ப் மாதிரிதான், ஆனால் அதன் அண்ணன். அன்று மாலை அதை அடித்து உருளையை நிரப்புவதற்குள் என் இடுப்பு கழன்றுவிட்டது. ஏவிஸ் ஜன்னலில் நின்று ரசித்தாள்.

அடுத்த சனிக்கிழமை பெருமையோடு போய் லார்னாவிடம் காட்டினேன். முற்றத்திலேயே ஒரு தடவை சுட்டும் காண்பித்தேன். மாடியைப் பார்த்தாள். அங்கே எந்தச் சலனமும் இல்லை. முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி, மிஸ்டர் கெரிசன். நீங்க வாங்குவீங்கன்னு நான் நினைக்கலை."

"அப்பா எப்படி இருக்கான்?"

"அப்படியேதான்."

மேலே போய்ப் பார்க்கட்டுமா என்று நான் கேட்கவில்லை. பார்க்கிறீர்களா என்று அவளும் கேட்கவில்லை. இன்னொரு ஆம்பிளை பைஜாமாவில் படுத்திருக்கிற அறைக்குள் சேற்று பூட்ஸோடு போய் நிற்பதா? அவனுக்கும் அவமானம், எனக்கும் என்ன பேசுவதென்று தெரியாது. ஏவிஸ் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி, சீக்கிரம் குணமாக வேண்டும் என்று எழுதி, இருவர் பெயரையும் போட்டு அனுப்பினாள். எங்கள் ஊர் வழக்கப்படி செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று.

செப்டம்பர் போய் அக்டோபர் வந்தது. கிழங்கு லாரிகள் சேறு இறைத்துக்கொண்டு ஓடத் தொடங்கின. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். புது ரைஃபிள் என்னை வேறு ஆளாக்கிவிட்டது. ஒரு முயல் விழும், பக்கத்தில் மேய்கிற முயல் தலையைக்கூடத் தூக்காது. முன்பு ஒன்று கிடைத்தாலே திருவிழா, இப்போது இரண்டு மூன்று கிடைத்தது. பாதியை ஆணியில் மாட்டிவிட்டு, பூனை மாதிரி போய்விடுவேன். ஹெட்லியைக் கொஞ்சமும் தொந்தரவு செய்யாமல் வந்து போகிறோம் என்பதில் எனக்கு ஏக திருப்தி.

ஒன்று மட்டும் புரியவில்லை. எவ்வளவு குளிரானாலும் சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்த மாடியறையின் ஜன்னல் திறந்தே இருந்தது. நெஞ்சுநோய்க்காரன் அறையில் நவம்பர் காற்றா? காற்றோட்டம் நல்லது என்று டாக்டர்கள் ஏதாவது புதுசாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் திறந்திருக்கிறதே, பெல்லட் போடும் கிளிக் சத்தம்கூடக் கேட்டுவிடப் போகிறதே என்று வயலின் தூரக் கோடிக்கு இடம் மாற்றிக்கொண்டேன். எவ்வளவு அக்கறை பாருங்கள் எனக்கு.

அப்படி ஒரு சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. லார்னாவின் கார் முற்றத்தில் இல்லை, மருந்து வாங்க டௌனுக்குப் போயிருப்பாள். ஒரு முயலை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு நேர் மேலே, திறந்த ஜன்னலுக்குள்ளே, கண்ணாடி உடைகிற சத்தமும் கனமாக ஏதோ விழுகிற சத்தமும் கேட்டன. என் பாதிக் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"லார்னா!" என்று ஒரு பலவீனமான குரல். பிறகு ஒன்றுமில்லை.

படியில் நின்றேன். இத்தனை வருடம் தாண்டாத படி. அப்போதும்கூட உள்ளே போகலாமா என்று யோசித்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது. கதவைத் தள்ளினேன். ரைஃபிளைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சேற்று பூட்ஸோடு மாடியேறினேன்.

ஹெட்லி கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். பாதியாக இளைத்துவிட்டான். பைஜாமாவுக்கு மேல் பழைய வயல் கோட்டும் தலையில் தொப்பியும் போட்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர்க் கிளாஸ் உடைந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. சந்தோஷத்தால் இல்லை.

"ஓ. வந்துட்டியா. நீ உயிரோடதான் இருக்கியா?"

"என்னடா ஆச்சு? விழுந்துட்டியா?"

"விழலை. உக்காந்தேன்." மூச்சு வாங்கியது. "தொடாதே என்னை. நான் படுத்ததும் வேற பண்ணை பாத்துக்கிட்டே இல்ல? யாரு, அந்த மில்லர் காட்டுக்காரனா? நல்ல வயல்தான். போ. எனக்கென்ன."

"என்ன உளர்றே? நான் எங்கயும் போகலையே!"

"பொய் சொல்லாதே ராய். அறுப்பு முடிஞ்சு ரெண்டு தரம் உன் சத்தம் கேட்டுது. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு, கோட்டைப் போட்டுக்கிட்டு, பைத்தியக்காரன் மாதிரி கேட்டுட்டுக் கிடக்கறேன். லார்னாகிட்ட உன்னைப் பத்திக் கேக்கக்கூட வெக்கமா இருந்துச்சு. படுத்துட்ட கிழவனைத் தேடி யார் வருவான்னு விட்டுட்டேன்."

அவனைக் கட்டிலில் தூக்கி உட்கார வைத்தேன். அவன் கையை உதறவில்லை, உதறத் தெம்பில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். லார்னா கேட்டில் நின்றது, க்யூபிட் கடை, மதில், பிஸ்கட் டின், எல்லாம். ஒவ்வொரு வாரமும் உன் ஜன்னலுக்கு எதிரேதான் படுத்திருந்தேன், உனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் தள்ளித் தள்ளிப் போனேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

ஹெட்லி நீளமாக என்னைப் பார்த்தான்.

"எனக்குத் தூக்கிவாரிப் போட்டுதா? யார் சொன்னா? உன் டப்பா வெடிச்சதும் 'விட்டுட்டியா'ன்னு கத்தலாம்னு எந்திரிச்சேன்டா. அவ என்னைப் பிடிச்சுப் படுக்க வெச்சுட்டா." தலையணையில் சாய்ந்தான். "அப்போ முயல்? ஆணியில மாட்டினியா?"

"வாராவாரம்."

"எனக்கு ஒண்ணு கூட வரலையே." கொஞ்சம் யோசித்தான். "அவளுக்கு முயல் வாசனையே ஆகாது. வளைக்குள்ளே விட்டு முயல் பிடிக்க ஃபெரட் கீரி வளக்கறானே, அவனுக்குத் தூக்கிக் குடுத்திருப்பா. என்னைக் கிளறிவிடக் கூடாதுன்னு வாயும் திறந்திருக்க மாட்டா. போகட்டும், நல்லதுன்னு நினைச்சுதான் பண்ணியிருக்கா." பிறகு ரைஃபிளைக் காட்டினான். "சுடு பாப்போம்."

"இங்கேர்ந்தா?"

"என் வீடு, என் ஜன்னல், என் வயல். சுடுன்னா சுடு."

ஜன்னலோரம் மண்டியிட்டேன். கீழே பழத்தோட்டத்து மண்கரையில் ஒரு டர்னிப் கிழங்கு கிடந்தது. குறி வைத்துச் சுட்டேன். கிழங்கு பிளந்தது. ஹெட்லி கண்ணை மூடிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ம், சுடு."

"சுட்டாச்சு."

கண்ணைத் திறந்தான். "இது துப்பாக்கியாடா? மூக்கைச் சிந்தினாக் கூட இதை விட சத்தமா வரும். இதையா காசு குடுத்து வாங்கினே?"

"உன் வயலை விடக் கூடாதுன்னுதான்."

"வயலுக்காக." சிரிக்க முயன்று இருமினான். "முயலைச் சுடறதுக்காகவா உன்னை வயலுக்குள்ளே விட்டேன்னு நினைச்சே? இத்தனை வருஷத்துல நீ சுட்ட முயலை விட உன் சத்தத்துக்கு ஓடிப்போன முயல்தான் ஜாஸ்தி. அந்த ஃபெரட்காரனைக் கூப்பிட்டிருந்தா ஒரே நாள்ல மேட்டையே காலி பண்ணியிருப்பான்."

"அப்புறம் ஏன் விட்டே?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

"என் மாபெல் கண்ணை மூடின வருஷம்," என்றான். "லார்னாவை அக்கா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன். வாரநாள் எல்லாம் வேலைல போயிடும். சனிக்கிழமை சாயங்காலம்தான் தனியா இருக்க முடியாது. அப்பதான் நீ வந்து கேட்டே, முயல் சுடலாமான்னு. மேட்டுல யாரோ ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா... அது போதும்."

அவன் மனைவி இறந்தது எனக்குத் தெரியும். சவ அடக்கத்துக்குப் போயிருந்தேன். அதற்கடுத்த மாதம்தான் நான் அந்த வயலைக் கேட்டேன். இரண்டையும் நான் ஒரு நாள்கூடச் சேர்த்து நினைத்ததில்லை. எனக்கு ஒரு வயல் கிடைத்தது என்று மட்டும் சந்தோஷப்பட்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. மூக்கைச் சிந்துகிற சாக்கில் துடைத்துக்கொண்டேன். ஹெட்லி நல்லவன், டர்னிப் கிழங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கீழே கார் சத்தம் கேட்டது. லார்னா படிகளில் ஓடிவந்தாள். படுக்கை முழுவதும் சேறு, தரையில் உடைந்த கிளாஸ், திறந்த ஜன்னலில் துப்பாக்கி, நடுவில் கண் சிவந்த இரண்டு கிழவர்கள். அவள் வாயைத் திறந்தபடியே நின்றாள்.

"அப்பா! மிஸ்டர் கெரிசன்! என்ன இது?"

"கத்தாதே," என்றான் ஹெட்லி. "சத்தம் எனக்கு ஆகாதுன்னு நீதானே சொன்னே."

அவளிடம் அவனே சொன்னான், மெதுவாக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. பயந்து எழுந்திருக்கவில்லை, பதில் சொல்ல எழுந்தேன் என்று. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். மருந்துப் பையை மார்போடு அணைத்திருந்தாள். "எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் கடைசியில். "நீங்க சொல்லவே இல்லையே." அவன், "நாங்க யாருமே சொல்லலை," என்றான்.

நான் எழுந்து தொப்பியைத் தேடினேன். வந்த வேலை முடிந்தால் கிளம்பிவிட வேண்டும், அதுதான் முறை.

"எங்க போறே?" என்றான் ஹெட்லி. "உக்காரு."

அறையில் ஒரே ஒரு நாற்காலி. லார்னா அதன் மேலிருந்த துணிகளை எடுத்துவிட்டு என் பக்கம் நகர்த்தினாள். உட்கார்ந்தேன். அவள் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, டீ போடக் கீழே போனாள். நாங்கள் இருவரும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் எதிரெதிரே இருந்தோம். முற்றத்தையும் வேலியையும் நடுவில் வைத்துக்கொண்டால் எங்களுக்குப் பேச்சு வரும். இவ்வளவு கிட்டத்தில் பழக்கமில்லை.

கீழேயிருந்து லார்னா குரல் கொடுத்தாள்.

"அப்பா, அவருக்கு டீல எத்தனை ஸ்பூன் சர்க்கரை?"

ஹெட்லி பதில் சொல்ல வாயைத் திறந்தான். சொல்லாமல் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தனைடா?" என்று கேட்டான்.

"ரெண்டு."

"ரெண்டாம்!" என்று கீழே பார்த்துக் கத்தினான். முற்றத்திலிருந்து கத்துவானே, அப்படி.